சின்ன அவுட்போர்டு மோட்டாரை ரோட்லயும் தண்ணிலயும் கொண்டு போறப்ப பண்ற தப்புங்க

கடலூர் தேவனாம்பட்டினம், பாண்டி வீராம்பட்டினம் மாதிரி ஊர்ல மீன்பிடிக்கிறவங்க படகை ரோட்ல இழுத்துட்டுப் போற வேலையே வச்சிக்க மாட்டாங்க, படகு மணல்ல கிடக்கும், படகுக்குப் பின்னாடி வெளிய மாட்டியிருக்கிற அவுட்போர்டு மோட்டாரை மட்டும் கழட்டி தோள்ல போட்டு கொண்டு போயிடுவாங்க. தூண்டில் போடவும் சும்மா சுத்தவும் 12 அடி, 14 அடி படகு வாங்கி டிரெய்லர்ல ஏத்தி கார் பின்னாடி இழுக்கிறவங்களுக்குத்தான் ரோட்ல மோட்டார் அடிபடுற பிரச்சனையே வருது. படகு வாங்குறப்ப மோட்டார் எத்தனை எச்பின்னு விசாரிக்கிறாங்க, அந்த மோட்டாரோட பாரத்தை ரோட்ல எது தாங்கப் போவுதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

முதல் தப்பு, பெரிய தப்பும் இதான். மோட்டாரைத் தூக்கி அதுலயே இருக்கிற அந்த டில்ட் கொக்கியில மாட்டிட்டு அப்படியே பாண்டியில இருந்து கடலூருக்குக் கெளம்பிடுறது. அந்தக் கொக்கி, படகு நிக்கிறப்ப ப்ரொப்பல்லரை தண்ணிக்கு மேல வச்சிக்கிறதுக்கு, அவ்ளோதான். யமஹா மேனுவல்லயே டிரெய்லர்ல போறப்ப டில்ட் சப்போர்ட்டை, அதான் இந்தக் கொக்கியை, நம்பாதீங்க, ஆட்டத்துல கழண்டு மோட்டார் கீழ விழுந்துடும்னு தெளிவா போட்டிருக்கான். 5 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக்கே 25 கிலோ சொச்சம் வரும், 15 எச்பின்னா 50 கிலோ கிட்ட, அந்த மொத்த வெயிட்டும் படகுக்கு வெளிய நீட்டிக்கிட்டு தொங்குது, தவளக்குப்பம் தாண்டி கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடைன்னு போறதுக்குள்ள வர்ற ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அது ஒரு தடவை மேல எகிறி திரும்ப கொக்கி மேலயே வந்து உக்காரும். கொக்கியைக் குனிஞ்சு பாருங்க, விரல் தடிமனுக்கு மேல பெருசா ஒண்ணும் இருக்காது. ரோட்ல நிறைய அடி வாங்குன மோட்டார்ல அது உக்கார்ற இடத்துல பெயிண்ட் போயி அலுமினியம் பளபளன்னு தெரியும், ஓரத்துல பள்ளம் விழுந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் மோட்டார் வாங்கப் போனா நான் மொதல்ல பாக்குற இடமே அதான், கவரைத் தொறந்து பிளக்கைப் பாக்குறதெல்லாம் அப்புறம்.

கொக்கி உடைஞ்சா கூட பரவால்லன்னு விடலாம், அந்த அடி அங்கயே நிக்காது, மோட்டாரைப் படகோட புடிச்சிருக்கிற கிளாம்ப் வழியா அது மாட்டியிருக்கிற பின்பலகைக்குப் போவுது. ஃபைபர் படகுல அந்தப் பலகைக்குள்ள பெரும்பாலும் பிளைவுட்தான் வச்சிருப்பாங்க, ஏதாவது ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி எறங்கினா உள்ளயே ஊறி இத்துப் போவும், வெளிய பாத்தா பெயிண்ட் அடிச்சு சூப்பரா இருக்கும். சுத்தியலோட கைப்பிடியால தட்டிப் பாருங்க, நல்ல பலகை டக் டக்னு கேக்கும், இத்துப் போனது பொத்துன்னு ஒரு சத்தம் குடுக்கும். பொத்துன்னு கேட்டா அதுல மோட்டார் மாட்டவே மாட்டாதீங்க, ரோடும் வேணாம் தண்ணியும் வேணாம்.

சரி எப்படித்தான் கொண்டு போறது? 10 எச்பிக்குள்ளன்னா கழட்டி வண்டிக்குள்ள வச்சிடுங்க, அதை விட நல்ல வழி கிடையாது, ரெண்டு பேர் சேர்ந்தா அஞ்சு நிமிஷ வேலை. கழட்ட முடியாதுன்னா அது ஓடுற மாதிரியே நேரா கீழ எறக்கி விட்டு போறது நல்லது, ஆனா கீழ ரோட்டுக்கும் மோட்டாரோட அடிக்கும் நடுவுல இடம் இருக்கணும், நம்மூர் ஸ்பீட் பிரேக்கர் உயரத்துக்கு பல டிரெய்லர்ல அது நடக்காது. அப்ப பாதி தூக்கி, டிரெய்லர் சட்டத்துல இருந்து மோட்டாரோட கீழ் கியர் பெட்டிக்கு ஒரு சப்போர்ட் கம்பி குடுத்து, அசையாம பெல்ட் போட்டு இறுக்கணும். கம்பி இல்லன்னா மோட்டாரைத் தாங்குற பிராக்கெட்டுக்கு நடுவுல அளவா அறுத்த கட்டையை வச்சு இறுக்குறாங்க, சும்மா கொக்கியில விடுறதுக்கு இது எவ்வளவோ மேல். இதுலயும் ஒரு தப்பு நடக்கும். கம்பியெல்லாம் பக்காவா மாட்டிட்டு படகை மட்டும் முன்னாடி வின்ச்சுல, அதான் படகை டிரெய்லர் மேல இழுக்கிற உருளையில, ஒரே ஒரு இடத்துல கட்டிட்டுப் போவாங்க, பின்பக்கம் டிரெய்லரோட சேத்துக் கட்டாததால பள்ளத்துல படகு தனியா எகிறும், டிரெய்லர் தனியா ஆடும், நடுவுல இருக்கிற கம்பி மோட்டாரை குத்திக்கிட்டே வரும். பின்பக்கம் ரெண்டு மூலையிலயும் பெல்ட் போட்டுட்டு அப்புறம் கம்பி மாட்டுங்க.

கழட்டி குட்டியானையில படுக்க வச்சு கொண்டு போறவங்களுக்குத் தனி தப்பு இருக்கு. தண்ணியில இருந்து எடுத்த உடனே படுக்க வைக்காதீங்க, கொஞ்ச நேரம் நேரா நிக்க வச்சா உள்ள இருக்கிற உப்புத் தண்ணி மொத்தமும் வடிஞ்சிடும். வடியாம எஞ்சின் இருக்கிற தலைப்பக்கம் தாழ்வா போட்டா அந்தத் தண்ணி எக்ஸாஸ்ட் வழியா சிலிண்டருக்கே போயிடும். தலைப்பக்கம் எப்பவும் ப்ரொப்பல்லர் பக்கத்தை விட உசரமா இருக்கணும். ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா இன்னொண்ணு, எந்தப் பக்கம் வேணா சாய்க்க முடியாது, தப்பான பக்கம் போட்டா ஆயில் சிலிண்டருக்குள்ள எறங்கிடும், அடுத்த நாள் கயிறு இழுத்தா ஒண்ணு இழுக்கவே வராது இல்லன்னா புகை மண்டலம்தான். எந்தப் பக்கம்னு மேனுவல்ல படமே போட்டிருப்பான், மாடலுக்கு மாடல் மாறும், அதனால பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு வைக்காதீங்க. பெட்ரோலை அடைக்கிற காக்கையும் டேங்க் மூடியில இருக்கிற காத்து ஸ்க்ரூவையும் மூடிடுங்க.

இனி தண்ணி. மோட்டார் உயரம் சரியில்லாம மாட்டுறதுதான் அதிகம். மோட்டாரோட ஷாஃப்ட், அதான் கீழ நீட்டிக்கிட்டு இருக்கிற தண்டு, ஷார்ட்னா 15 இஞ்ச், லாங்னா 20 இஞ்ச், பின்பலகை உயரம் எதுக்குப் பொருந்துதோ அதை வாங்கணும், கடையில எது இருக்கோ அதை இல்ல. ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கிற தகடு படகோட அடிமட்டத்துக்கு நேரா, இல்ல அதுக்கு ஒரு இஞ்ச் கீழ வரைக்கும் இருக்கலாம். மேல போனா காத்தைப் புடிச்சிக்கிட்டு சும்மா கத்தும், ரொம்ப கீழ போனா தண்ணியை இழுத்துக்கிட்டு வேகமே வராது. முன்பக்கம் வானத்தைப் பாத்து எழும்புதா, பிராக்கெட்டுல கீழ இருக்கிற, மோட்டார் சாய்வை மாத்துற பின்னை (pin) படகுப் பக்கம் ஒரு ஓட்டை உள்ள மாத்துங்க, மூக்கைக் குத்திக்கிட்டு போவுதா, ஒரு ஓட்டை வெளிய. இதைப் பண்ணாமயே மோட்டாருக்கு இழுவை இல்லன்னு திட்டுறவங்க நிறைய பேர்.

கிளாம்ப் ஸ்க்ரூவை கையாலதான் இறுக்கணும், பைப்பு ரெஞ்சு போட்டா கிளாம்ப் விரிசல் விடும். ஆனா கரையில இறுக்கினது போதும்னு விட்டுடாதீங்க, ஓடுற ஆட்டத்துல லூஸ் ஆவும், கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடவை புடிச்சுப் பாருங்க. கூடவே ஒரு சங்கிலியோ நல்ல கயிறோ போட்டு மோட்டாரைப் படகோட கட்டி வைங்க, கிளாம்ப் கழண்டாலும் மோட்டார் கடலூர் உப்பனாத்துக்கு அடியில போகாது.

முகத்துவாரத்துல மணல் திட்டு எங்க இருக்குன்னு அங்கயே பொறந்து வளந்தவங்களாலயே உறுதியா சொல்ல முடியாது, போன மாசம் ஆழமா இருந்த இடத்துல இப்ப முழங்கால் தண்ணி நிக்கும். மோட்டார் முன்னாடி போறப்ப எதுலயாவது இடிச்சா தானா மேல எழும்புற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அலையில துள்ளுதுன்னு சிலர் அதைக் கயிறு போட்டு கீழயே இழுத்துக் கட்டிடுவாங்க, அப்புறம் திட்டுல இடிச்சா எழும்ப வழியில்லாம பின்பலகையோட பேத்துக்கிட்டு வரும். துள்ளினா வேகத்தைக் குறைங்க, கட்டாதீங்க. ஆழம் கம்மியான இடத்துல பாதி தூக்கி ஓட்டுறப்ப மெதுவாதான் போவணும், எஞ்சினைக் குளுமையாக்க தண்ணி இழுக்கிற துவாரம் தண்ணிக்குள்ளயே இருக்கான்னு பாத்துக்கோங்க, பக்கத்துல பீச்சுற தண்ணி நின்னா உடனே ஆஃப் பண்ணுங்க. மோட்டார் மேல எழும்பாம புடிக்கிற ரிவர்ஸ் லாக் போடாம ரிவர்ஸ் அடிச்சா மோட்டாரே எகிறி உங்க பக்கம் வரும், பாத்து.

நடுத்தண்ணில நின்னுபோன படகை இன்னொரு படகு கட்டி இழுக்கிறப்ப கயிறை மோட்டார்லயோ அதோட பிராக்கெட்லயோ கட்டவே கூடாது. இழுக்கிற படகுல பின்பக்க ரெண்டு மூலையில இருந்தும் கயிறு எடுத்து நடுவுல ஒண்ணா சேத்துக் கட்டணும், திரும்புறப்ப அது மோட்டார்ல உரசாத அளவுக்கு நீளம் விடணும். இழுபடுற படகுல முன்னாடி தாழ்வா இருக்கிற வளையத்துல கட்டி, மோட்டாரை நியூட்ரல்ல போட்டு நேரா எறக்கி விட்டா படகு இப்படியும் அப்படியும் அலையாம வால் புடிச்ச மாதிரி பின்னாலயே வரும், திட்டு கிட்ட வர்றப்ப மட்டும் தூக்கிடணும். கயிறு தொய்யுதுன்னா இழுக்கிறவரு மோட்டாரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து கயிறை மேல சுருட்டிட்டு அப்புறம் கியர் போடட்டும்.