ஊசி புதுசுதான், மை யாருடையது?

போன வாரம் டாட்டூ பழகும் ஒரு தம்பி வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊசி உறையை வந்தவர் கண் முன்னால் கிழித்தார், கையுறை மாட்டினார், எல்லாம் சரி. வேலை முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சிய கறுப்பு மையை அலுங்காமல் பாட்டிலுக்குள்ளேயே திரும்ப ஊற்றினார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஒரு காலத்தில் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பழைய ஊசி கூடாது, கை கழுவணும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

மிச்ச மையைச் சேமிப்பது

ஊசி தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு தடவை மையில் தோய்க்கும்போதும் நுனியில் ஒட்டிய ரத்தம் கொஞ்சம் கிண்ணத்தில் தங்கிவிடும். கறுப்பு மையில் அது எங்கே தெரியப்போகிறது? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும், சி வைரஸும் சட்டென்று சாகிற ரகம் இல்லை. அந்த மையைப் பாட்டிலில் ஊற்றினால், அடுத்து வருகிறவருக்கு எத்தனை புது ஊசி போட்டு என்ன பயன்?

என்னிடம் குத்திக்கொண்ட ஒருவர் சில மாதம் கழித்து ரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்து போன் செய்தார். "அண்ணா, ஊசி புதுசுதானே போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று பெருமையாகவே சொன்னேன். ராத்திரி படுத்த பிறகுதான் மை ஞாபகம் வந்தது. எந்த பாட்டிலிலிருந்து யாருக்கு ஊற்றினேன் என்று ஒரு குறிப்பும் கிடையாது, யாரைக் கூப்பிட்டு எச்சரிப்பது? நம்பர் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன், பாதிப்பேர் திட்டினார்கள், திட்டத்தானே செய்வார்கள். இருந்த மை அத்தனையும் குப்பைக்குப் போனது. அவருக்கு என்னிடமிருந்துதான் வந்ததா என்பது இன்றுவரை தெரியாது, அதுதான் அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு வேலைக்குத் தேவையான சில சொட்டுகளை மட்டும் தூக்கியெறியும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றுங்கள், மிஞ்சினால் கிண்ணத்தோடு எறியுங்கள். நடுவில் மை தீர்ந்தால் ரத்தக் கையுறையோடு பாட்டிலைத் தொடாதீர்கள், கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். "விலை ஜாஸ்திண்ணே" என்று அந்தத் தம்பியும் சொன்னார். பாட்டிலை வாங்கி நானே குப்பையில் போட்டேன், முகம் சுருங்கிவிட்டது, பரவாயில்லை.

ஸ்பிரிட் துடைப்பு

மெஷின் பிடி பளபளக்கும், ஸ்டெரைல் ஆகாது.

கொதிக்க வைத்தால் போதும் என்பது

போதாது. திரும்பப் பயன்படுத்தும் உலோகப் பிடியை முதலில் தேய்த்துக் கழுவி, அப்புறம் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் வைக்க வேண்டும். பிடியைப் போட்டு வைக்கும் உறையில் ஒட்டிய டேப் நிறம் மாறியது என்றால் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். ஆட்டோகிளேவ் உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ஸ்போர் சோதனை, அதாவது லேசில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்ப்பது, செய்ய வேண்டும். புற ஊதா விளக்குப் பெட்டியைக் காட்டி 'எல்லாம் ஸ்டெரைல்' என்பவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"இத்தனை நாள் ஒன்றும் ஆகலையே"

ஆகவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? பி, சி இரண்டுமே எந்த அறிகுறியும் காட்டாமல் வருஷக்கணக்கில் உடம்பில் இருக்கும். ஆள் திடகாத்திரமாக இருக்கிறார் என்று கவனத்தைக் குறைக்காதீர்கள்.

அவசரப்பட்டு டெஸ்ட் எடுத்து நிம்மதியாவது

அந்த போன் வந்த அடுத்த வாரமே நானும் ஓடிப்போய் எடுத்தேன், நெகட்டிவ். டாக்டர் சிரிக்கவில்லை. சி வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் தெரிய 2, 3 மாதம் ஆகலாம், சிலருக்கு 6 மாதம்கூட ஆகும், அப்போது மறுபடி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த மாதங்களில் நான் தூங்கிய கணக்கைக் கேட்காதீர்கள்.

தடுப்பூசி

பி வைரஸுக்கு உண்டு, வழக்கமாக 3 டோஸ், 6 மாதத்தில் முடியும். சி வைரஸுக்குக் கிடையாது.