நம்பர் போட்ட குட்டிக் காருக்கு எவ்வளவு கூடக் கொடுக்கலாம்?

மாப்பிள்ளை (மனைவியின் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான்) போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு படம் அனுப்பினான். மூன்று கதவு வைத்த வெளிநாட்டுக் குட்டிக் கார், ரத்தச் சிவப்பு. இத்தனை வண்டிதான் என்று எண்ணி, நம்பர் போட்டு விற்கும் ஸ்பெஷல் ரகம். கூடவே குரல் பதிவு: “மச்சான், இந்தியாவுக்கே இருபது வண்டிதானுங்க. சாதா மாடலை விட அஞ்சு லட்சம்தான் கூட. விட்டா கிடைக்காதுங்க.”

நான் கோவையில் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிக்குக் கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு. அதனால் புது வண்டியைப் பார்த்தாலும் அடிபட்டால் என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றும். அவனுக்குச் சொன்னது இதுதான்.

அதே காரின் சாதா மாடலுக்கும் ஒரு கோட்டேஷன் வாங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பதைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வா. மிச்சம் நிற்பதற்குத்தான் உன் அஞ்சு லட்சம். அந்த மிச்சத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு குறிப்பு எழுது: ஓட்டினால் தெரியுமா, தொட்டால் தெரியுமா, சொன்னால்தான் தெரியுமா?

உதாரணத்துக்கு மினி என்ற பிரிட்டிஷ் குட்டிக் கார். 1964 மான்டி கார்லோ பந்தயத்தை மினி கூப்பரில் ஜெயித்தவர் பேடி ஹாப்கர்க். அவர் பெயரில் 2021 ஜனவரியில் இந்தியாவுக்கு 15 கார்கள் வந்தன. எக்ஸ் ஷோரூம் விலையே 41.70 லட்சம். சிவப்பு பாடி, வெள்ளைக் கூரை, அவருடைய கையெழுத்து, அந்தப் பந்தயத்தில் ஓடிய 37 என்ற எண். எஞ்சினோ சாதா கூப்பர் எஸ்ஸில் இருக்கும் அதே 2 லிட்டர், 192 குதிரைத்திறன்தான். பென்சிலால் அடித்துப் பார்த்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி ‘சொன்னால்தான் தெரியும்’ கணக்கில் போய் உட்காரும்.

2012-இல் வந்த ‘இன்ஸ்பயர்டு பை குட்வுட்’ மினி வேறு ரகம். உலகம் முழுவதற்கும் 1,000 வண்டி. அதிலும் எஞ்சின் கூப்பர் எஸ்ஸினுடையதுதான், ஆனால் உள்ளே ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் வடிவமைத்த வால்நட் மரமும் தோலும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரலுக்கு வித்தியாசம் தெரியும். விலை அநியாயம்தான். ஆனாலும் பணம் எங்கே போனது என்று கையை வைத்துக் காட்டலாம்.

‘சொன்னால்தான் தெரியும்’ வகைக்கு என் வரம்பு அந்த வண்டியின் நாலு டயர் விலை. ஏன் டயர் என்று கேட்காதீர்கள், எங்காவது ஒரு கோடு போட வேண்டுமே.

அடுத்தது வரி. இதை விற்பனைப் பையன் மெல்லிய குரலில்தான் சொல்வான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஆக அஞ்சு லட்சத்துக்கு மேல் ஒரு லட்சம் ஆர்.டி.ஓ.வுக்கு. ஸ்டிக்கருக்கும் கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறாய். போதாததற்கு இன்சூரன்ஸ் பிரீமியமும் அந்த விலையை வைத்துத்தான் ஏறும்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒரு வண்டி ஞாபகம் வருகிறது. இரண்டு வருடம் முன்னால், நம்பர் போட்ட ஒரு குட்டிக் கார் சர்வேக்கு வந்தது. உக்கடத்தில் தேங்காய் ஏற்றிய டெம்போ இடது கதவை உரசிவிட்டுப் போயிருந்தது. இரண்டு விரல் ஆழம்கூட இல்லை, சாதாரண டிங்கரிங் வேலை. ஆனால் கதவிலிருந்து பின் சக்கரத்துக்கு மேல்வரை ஒரே பட்டையாக ஓடும் ஸ்டிக்கர் நடுவில் கிழிந்துவிட்டது. உள்ளூரில் வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். வெயிலில் நிறுத்தினால் பழைய பாதி ஒரு சிவப்பு, புதுப் பாதி ஒரு சிவப்பு. அசல் பட்டை வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம். அதுவரை கதவு மொட்டையாகவே ஓடியது. வண்டிக்காரர் தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருக்கவில்லை, அதனால் பெயின்ட், பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் பாதி கழித்துத்தான் எழுத முடிந்தது. “இது ஸ்பெஷல் வண்டிங்க சார்” என்றார். என் படிவத்தில் ஸ்பெஷலுக்குத் தனிக் கட்டம் கிடையாது.

பாலிசியிலும் அப்படித்தான். வண்டியின் காப்பீட்டு மதிப்பு ஆறு மாதம் தாண்டினால் 15 சதவீதம் குறையும், ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30. நாலு வருடம் தாண்டினால் பாதி. இருபதில் ஒன்றானாலும் இருபதாயிரத்தில் ஒன்றானாலும் ஒரே அட்டவணை. பாலிசியில் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள், திருட்டுப் போனால் இன்வாய்ஸ் தொகை கிடைக்கும். பணம்தான் கிடைக்கும், அந்த இருபதாவது வண்டி கிடைக்காது.

ஆகவே புக்கிங் பணம் கட்டும் முன் சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுன்டருக்கு நீயே போ. ஷோரூம் ஆளிடம் கேட்காதே. ஸ்டிக்கர், பேட்ஜ், ஸ்பெஷல் அலாய் வீல் மூன்றுக்கும் பார்ட் நம்பரும் விலையும் எழுதி வாங்கு. கம்ப்யூட்டரில் நம்பரே வரவில்லை என்றால் யோசி.

“பின்னாடி விலை ஏறுமுங்களே?” என்றான். ஏறலாம். ஆஸ்டன் மார்ட்டின் 2011-இல் டொயோட்டா ஐக்யூ காரை எடுத்து, தோல் தைத்து, மூஞ்சியை மாற்றி, சிக்னெட் என்று விற்றது. வருஷத்துக்கு 4,000 விற்கும் என்று நினைத்தார்கள். சில நூறு மட்டுமே போனதால் 2013-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அதைத் தேடி வாங்குகிறார்கள், அரிதாகிவிட்டதே. ஆனால் அது கம்பெனி பலகை மாட்டி அறிவித்த அரிது இல்லை, யாரும் வாங்காததால் வந்த அரிது. அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க என்னிடம் பென்சில் இல்லை.

கடைசியாக, டெஸ்ட் டிரைவுக்கு வீட்டாரையும் கூட்டிப்போ என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மாப்பிள்ளை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். மாமியார் யோசிக்கவில்லை. முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏற மூன்று தரம் முயன்றுவிட்டு, “அவிநாசி கோயிலுக்கு நான் பஸ்ஸுலயே போய்க்கறேன்” என்று சொல்லிவிட்டாராம்.