பீப் ஒலித்தால் முதலில் கொடி, பிறகுதான் கொத்து

பழைய போர்க்களத்தில் மெட்டல் டிடெக்டருடன் ஆய்வு செய்கிறீர்களா? ஒலி கேட்ட இடத்தில் உடனே தோண்டாதீர்கள். சிறு கொடி ஒன்றை நட்டுவிட்டு மேலே நடங்கள். தோண்டுவதற்கு ஒரு குழு, அளந்து பதிவதற்கு இன்னொரு குழு பின்னால் வரட்டும்.

கருவி பிடித்தவர் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்தால் நடைவரிசை கலைந்துவிடும், இடையில் நிலம் விடுபட்டுப்போகும். கொடிகள் அந்த வரிசையைக் காப்பாற்றுவதோடு, பொருள்கள் எங்கே நெருங்கி எங்கே சிதறிக் கிடக்கின்றன என்பதையும் தோண்டும் முன்பே கண்ணுக்குக் காட்டிவிடும். 1876இல் சண்டை நடந்த அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில், 1983இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளிப்பட்ட பிறகு, 1984இல் இப்படித்தான் வேலை நடந்தது. தோட்டா உறைகளின் அடியில் துப்பாக்கியின் சுடும் ஊசி அடித்துப் பதித்த தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டார்கள். ஒவ்வோர் உறையும் கிடந்த இடம் குறிக்கப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. கருவியில் இரும்புக்கு ஒலிக்காதபடி ஒதுக்கும் அமைப்பையும் அணைத்துவையுங்கள். இல்லையென்றால் இரும்பு அம்புமுனைகளை இழப்பீர்கள்.

அடுக்கடுக்காக மண் படிந்த குடியிருப்பு மேட்டில் இந்த முறை கூடாது. அங்கே கொடியைத் துரத்திக் குழி பறித்தால் அடுக்குகளே சிதைந்துபோகும். அடுக்கை முறையாக அகழ்ந்து இறங்கும்வரை பொருள் அங்கேயே இருக்கட்டும். இரும்பு உருக்கிய கசடு நிறைந்த இடத்திலோ எங்கும் ஒலிதான், கொடிக்குப் பொருளே இருக்காது.