நாவல் படமாகும்போது முகங்களை மட்டும் எண்ணாதீர்கள்

பழைய ஆங்கில நாவல் ஒன்று படமாகி, அதில் கறுப்பினத்தவரோ ஆசியரோ நடித்துவிட்டால் கொழும்பிலும் வாக்குவாதம் தொடங்கிவிடும். மூலக்கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம், நம்மாள் ஒருத்தன் வந்துவிட்டான் என்று மறுபக்கம். இரண்டு பக்கத்தாரும் நாவலைத் திறந்து பார்ப்பது அபூர்வம். முதல் தவறு அதுதான்.

1847இல் வெளியான 'வதரிங் ஹைட்ஸ்' நாவலில் கதாநாயகன் ஹீத்கிளிஃப் லிவர்பூல் தெருவிலிருந்து தூக்கிவரப்பட்ட கறுத்த சிறுவன். இந்தியக் கடலோடிகளின் பிள்ளையாக இருக்கலாம் என்றுகூட ஒரு பாத்திரம் ஊகிக்கிறது. 1939, 1992 படங்களில் அந்த வேடம் வெள்ளையர்களுக்கே போனது. 2011இல் இயக்குநர் அன்ட்ரியா ஆர்னல்ட் கறுப்பின நடிகர்களைப் போட்டதும் அது ஏதோ புரட்சி போலப் பேசப்பட்டது. நாவலுக்குக் கிட்ட வந்தவர் அவர்தான்.

அதற்காக எல்லாப் படத்துக்கும் இதே அளவுகோல் சரிவராது. 2019இல் வந்த 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' படத்தில் இந்திய வம்சாவளி நடிகர் தேவ் பட்டேல் கதாநாயகன், அவனுடைய தாய் வெள்ளைக்காரி. கதைக்குள் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. மேடை நாடகத்தைப் போல அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, நம்மூர்க் கதைக்கு வருவோம். ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' 1994இல் வந்த நாவல். கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் வளரும் சிறுவனின் கதை, தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் போய் முடிகிறது. தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். திரைக்கதையில் நாவலாசிரியருக்கும் பங்குண்டு, படப்பிடிப்பும் இங்கேதான். ஆனாலும் தமிழர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. முக்கிய வேடங்களில் தமிழரல்லாதவர்கள் இருந்தார்கள், அவர்கள் பேசிய தமிழும் தமிழாக ஒலிக்கவில்லை. தெற்காசிய முகம் இருந்தால் போதும் என்பது வெளியூர்க்காரர் வழமையாகச் செய்யும் தவறு. 1983இல் காடையர்கள் வீதியில் மறித்து, சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லியே தமிழரைப் பிரித்தெடுத்தார்கள். நாக்கு புரளும் விதத்தில் உயிர் தங்கியிருந்த கதையில் உச்சரிப்பை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியுமா?

'தமிழர் நடித்தால் சரி' என்று நிறுத்திக்கொள்வதும் பாதி வேலைதான். எந்தத் தமிழர்? யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர், எல்லோருடைய பேச்சும் ஒன்றல்ல. சென்னைத் தமிழைக் கொண்டுவந்து ஒட்டினால் கொழும்புக் காது அரை நிமிடத்தில் பிடித்துவிடும்.

அப்புறம், இந்தச் சண்டையில் இன்னொன்று அடிபட்டுப் போயிற்று. அந்தச் சிறுவன் தமிழன் மட்டுமல்ல, தன்பாலீர்ப்பாளனும்கூட. இனத்தைப் பற்றி வாய்கிழியப் பேசியவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு இதுதான் ஆகப் பெரிய தவறாகப் படுகிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில் இன்னும் கிடக்கின்றன.