மாட்டுக் கொட்டகையை மரப் பட்டறையாக்குவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மரவேலை பழக ஆசைப்பட்டு நான் முதலில் வாங்கியது டேபிள் சா, அதாவது மேசையோடு வரும் ரம்ப மெஷின். கொட்டகைக்குள் வைத்த பிறகுதான் புரிந்தது, எட்டுக்கு நாலு பிளைவுட்டைத் தள்ளினால் மறுபக்கம் சுவர் இடிக்கிறது. ஆறு மாதம் அதன் மேல் மாங்காய்க் கூடைதான் இருந்தது. அதனால் சொல்கிறேன், மெஷின் கடைசி. முதலில் இடம், மேசை, கூரான உளி.

1. இடம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீட்டில் மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகை, 10 அடிக்கு 12 அடி. ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் மாட்டுக் கொட்டகையின் தரை கோமியம் வடிவதற்காகச் சாய்வாகப் போட்டிருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஐந்து அடிக்கு ஒன்றரை அங்குல இறக்கம். தரையை உடைக்க வேண்டாம், மேசைக் காலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பலகைகளை மட்டும் தரையில் அடுக்காதீர்கள். சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்து மேலே ஏற்றுங்கள், கரையானுக்குச் சோறு போட வேண்டியதில்லை.

2. கரன்ட்

இது எலக்ட்ரீஷியன் வேலை, நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. காப்பர் வயரில் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட் இரண்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று, சரியான எர்த். டியூப் லைட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டினால் மரத்தில் போட்ட கோட்டை உங்கள் நிழலே மறைக்கும். மேசைக்கு நேர் மேலே மாட்டுங்கள்.

3. மேசை

நம் ஊர் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, காலாலேயே மரத்தை அழுத்திப் பிடித்து வேலை செய்வார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய உடம்புக்கு அது சரி. நமக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் வாங்குங்கள். கடையிலேயே ஐந்துக்கு இரண்டு அடியில் இரண்டு துண்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் பெவிகால் தடவி, ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்கினால் 36 மி.மீ. கெட்டியான மேல்பலகை. மிச்சமாகும் மூன்றுக்கு நாலு துண்டு கீழ்த்தட்டுக்கு. காலுக்குப் பழைய வீடு இடிக்கிற இடத்தில் மூன்றங்குலச் சட்டம் கிடைக்கும், பல வருடம் காய்ந்த மரம். ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள்.

உயரம்? கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள், மணிக்கட்டு வரை. எனக்கு 33 அங்குலம். சட்டத்தைப் பூட்டியதும் எதிரெதிர் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் டேப்பில் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலை சரி.

4. கருவி

6, 12, 25 மி.மீ. உளி மூன்று, ஒரு இழைப்புளி, ஒரு கைவாள், மூலைமட்டம், நாலு கிளாம்ப், ஒரு டிரில் மெஷின். அவ்வளவுதான். ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் முகத்துக்கு எகிறும்.

5. சாணை

கடையில் வாங்கிய உளி வெட்டாது. வெட்டும் என்று நம்பித்தான் பலர் மரத்தைக் குற்றம் சொல்லிவிட்டு வேலையை நிறுத்துகிறார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நமக்கு ஒரு வசதி, கிரானைட். பாலிஷ் போட்ட கல்லில் ஓரமாக உடைந்த ஓரடித் துண்டு கேட்டால் பல இடங்களில் சும்மாவே தருவார்கள். அவ்வளவு சமமான பரப்பு வீட்டில் எளிதில் கிடைக்காது. அதன் மேல் 220, 400, 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வரிசையாக ஒட்டி, தண்ணீர் தெளியுங்கள்.

முதலில் உளியின் முதுகு, அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கம். முனைப்பக்கம் ஓரங்குலம் கல்லோடு ஒட்டிப் படியும்படி அழுத்தித் தேயுங்கள், ஒரே மாதிரி மினுங்கும் வரை. அப்புறம் சரிவுப் பக்கம். சரிவின் நீளம் உளித் தடிமனைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் கோணம் 25க்கும் 30 டிகிரிக்கும் நடுவில் வரும். முதுகுப்பக்கம் விரலை மெல்ல இழுத்தால் பிசிர், அதாவது தேய்த்ததில் மடிந்த மெல்லிய இரும்பு ஓரம், தட்டுப்படும். தட்டினால் அடுத்த பேப்பருக்குப் போகலாம். கடைசியில் ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் நழுவி இறங்க வேண்டும்.

6. மரம்

மாமரம் மலிவு, எங்கும் கிடைக்கும். நானும் அதில்தான் முதல் முக்காலி செய்தேன். அடுத்த மழைக்குள் காலடியில் மஞ்சள் மாவு கொட்ட ஆரம்பித்தது. உளுத்துவிட்டது. போராக்ஸ், போரிக் ஆசிட் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்திய பலகை என்றால் மட்டும் மாமரம் எடுங்கள். இல்லாவிட்டால் வேம்பு.

7. முதல் உருப்படி: கொட்டாப்புளி

கொட்டாப்புளி என்பது உளியை அடிக்கும் மரச்சுத்தி. பெயரைப் பார்த்துச் சொல்லவில்லை, கொட்டாப்புளிக்குப் புளியமரம்தான் பொருத்தம். கனம், சீக்கிரம் பிளக்காது. விறகுக் கடையில் நன்றாகக் காய்ந்த, வெடிப்பில்லாத துண்டாகப் பொறுக்குங்கள். மூன்றங்குலச் சதுரம், ஐந்தங்குல நீளம். நடுவில் டிரில் போட்டு, 12 மி.மீ. உளியால் துளையைச் சதுரமாக்குங்கள். இரண்டு பக்கமிருந்தும் வெட்டி நடுவில் சந்தியுங்கள், ஒரே பக்கமாகக் குத்தினால் மறுபக்கம் சில்லு பெயரும். துளை மேலே சற்று அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கட்டும். கைப்பிடியையும் அதே சரிவில் சீவி மேலிருந்து இறக்குங்கள். அடிக்க அடிக்கத் தலை இறுகும், பசையே வேண்டாம்.