கதையில் அடி எப்போது விழ வேண்டும்?

கதையில் மோதல் என்றதும் பலர் நேரே துவக்கைத் தூக்கிவிடுகிறார்கள். மோதல் வேறு, வன்முறை வேறு. ஒரு பொருள், அதைக் கேட்க நியாயமுள்ள இரண்டு பேர்: மோதலுக்கு இவ்வளவு போதும்.

சிறுபோகம், குளத்தில் தண்ணீர் குறைவு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரே வாய்க்காலில் மேல்வயலும் கீழ்வயலும். இன்றைய முறை கீழ்வயல்காரனுக்கு. மேல்வயலிலோ பயிர் கதிர் வெளிவருமுன் வயிறு பருக்கும் குடலைப் பருவத்தில் நிற்கிறது, தண்ணீர் பிந்தினால் பதர்தான். மேல்வயல்காரன் வக்கடையை, அதாவது வயலுக்குத் தண்ணீர் பாய வரம்பில் விடும் வாயை, வெட்டிவிட்டான். கீழ்வயல்காரன் வந்து கேட்கிறான்:

"இண்டைக்கு என்ட முறை, மச்சான்."
"ஆரு இல்லெண்டு சொன்ன?"
"மறுகா என்னத்துக்கு வக்கடைய வெட்டின?"
"உங்கட தங்கச்சிட்டக் கேளுங்க. அவதான் வெட்டச் சொன்ன."

கடைசி வரிதான் முடிச்சு. பெண்ணுக்குக் காணி சீதனமாகப் போகிற ஊர் இது. மேல்வயல் ஒரு காலத்தில் கீழ்வயல்காரனுடைய அம்மாவின் வயல். இனி அவன் யாரை அடிப்பான்? கையில் மண்வெட்டி இருப்பதை மட்டும் இந்தப் பேச்சுக்கு முன்பே, போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். அடிக்கும்போது திடீரென்று முளைக்கிற மண்வெட்டியை வாசகர் நம்பமாட்டார்.

1500 சொல் கதையில் அடி விழும் இடத்துக்கு 50 சொல் தாராளம். முன்னால் 900, மிச்சமெல்லாம் பின்னால். "கொடூரமாக", "வெறித்தனமாக" போன்ற சொற்களை வெட்டுங்கள். அவை எழுதுபவரின் பதற்றத்தைத்தான் காட்டும். உடம்பைப் பாருங்கள்: சண்டை முடிந்தவனுக்கு வாய் உலர்ந்திருக்கும், கை நடுங்கும், சேட் பொத்தானைப் பூட்ட வராது. மூடிய அறைக்குள் துவக்கால் வெடி வைத்தால் காது அடைத்துவிடும், பக்கத்தில் பேசுவது கேட்காது. நம் கதைகளிலோ அடுத்த வரியிலேயே ஒருவர் வசனம் பேசிக்கொண்டிருப்பார்! வாவிக்கு அக்கரையில், ஒரு கிலோமீற்றர் தள்ளி குண்டு வெடித்தால் வெளிச்சம் முதலில், சத்தம் ஏறக்குறைய 3 செக்கன் கழித்து. அந்த 3 செக்கனுக்குள் ஒரு தாய் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கலாம்.

போர்க்காலக் கதையென்றால் முதலில் நாட்காட்டி ஒன்று போடுங்கள். மட்டக்களப்பில் 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழர்கள்: இடைப்பட்ட நாட்களில் கதை நடந்தால், எந்த ஊருக்கு எது தெரியும், யார் யாரைப் பார்த்துப் பயப்படுவார் என்பது தேதிக்குத் தேதி மாறும். மட்டக்களப்பு நகரையொட்டிய கல்லடியில் அந்த வருடம் வாவிக்கு மேல் பழைய இரும்புப் பாலம் மட்டும்தான். புதுப்பாலம் 2013இல் வந்தது. உண்மைச் சம்பவத்தைத் தொட்டால் தேதியையும் இறந்தவர் தொகையையும் மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் ஊருக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள், உறவினர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அடிக்குப் பிந்திய பக்கங்களில்தான் அநேகம் பேர் அவசரப்படுகிறார்கள். ஆஸ்பத்திரி, பொலிஸ், அழுகை, முற்றும். விடிந்தாலும் அந்த வக்கடை திறந்தபடியே கிடக்குமல்லவா? அதை அடைக்கத் தங்கச்சி போனால் ஒரு கதை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை போனால் வேறொரு கதை.