அடுத்த எதிரணியை எடை போடும்போது ரசிகர்கள் செய்யும் தவறுகள்

2022 நவம்பர் 22, கத்தாரில் கால்பந்து உலகக் கோப்பை, லுசைல் மைதானம். அர்ஜென்டினா 36 ஆட்டங்களாகத் தோற்கவில்லை. எதிரே சவுதி அரேபியா, ஃபிஃபா தரவரிசையில் 51-வது இடம். எத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பதுதான் அன்று காலை பேச்சாக இருந்தது. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்ததும், வேலை முடிந்தது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அப்புறம் முதல் பாதியிலேயே அர்ஜென்டினா வலைக்குள் தள்ளிய மூன்று பந்துகள் ஆஃப்சைடு (பாஸ் போடும் நேரத்தில் எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பது) என்று செல்லாமல் போயின. இடைவேளை முடிந்த பத்து நிமிடத்துக்குள் சவுதி இரண்டு கோல் போட்டது. முடிவு 2-1.

அந்த மூன்று ஆஃப்சைடும் அதிர்ஷ்டத்தால் வந்தவை இல்லை. சவுதி பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் தன் டிஃபென்ஸை, அதாவது தடுப்பு வரிசையை, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தார். துணிச்சலான ஏற்பாடு அது. ஒருவர் ஓர் அடி பின்தங்கினாலும் கோல்தான். ஆனால் அர்ஜென்டினாவின் முன்வரிசை அவசரப்பட்டு ஓடி, திரும்பத் திரும்ப அந்தப் பொறியிலேயே விழுந்தது. தரவரிசையைப் பார்த்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. எதிரணி எவ்வளவு நல்ல அணி என்று கேட்பதைவிட, அவர்கள் ஆடும் விதம் நம் ஆட்டத்தோடு எங்கே உரசும் என்று கேட்க வேண்டும். டிஃபென்ஸ் கோடு எங்கே நிற்கிறது, பந்தைப் பறிகொடுத்ததும் துரத்துகிறார்களா, பின்வாங்குகிறார்களா? பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடும்.

இதையே தலைகீழாகச் செய்வதும் தவறு. ஒரு வெற்றியை வைத்துச் சவுதியை ஆகாயத்துக்குத் தூக்கியவர்கள் உண்டு. அடுத்த இரண்டு ஆட்டங்களில் போலந்திடமும் மெக்ஸிகோவிடமும் தோற்று, குழுவில் கடைசி இடத்தோடு அந்த அணி ஊர் திரும்பியது.

பந்து யாரிடம் அதிக நேரம் இருந்தது என்ற கணக்கும் ஏமாற்றும். அதே உலகக் கோப்பையில் ஜப்பான் 17.7 சதவீத நேரம் மட்டும் பந்தை வைத்திருந்து ஸ்பெயினை 2-1 என்று வென்றது. அடுத்த சுற்றில் மொராக்கோவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் போட்டும் ஒரு கோல் வரவில்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் வெளியேறியது. "அவங்க கால்ல பந்தே நிக்காது" என்று எதிரணியைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவர்களுக்குப் பந்து தேவைப்படுகிறதா என்று பாருங்கள்.

கடைசி ஐந்து ஆட்டங்களின் முடிவைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அவை யாரோடு, எங்கே நடந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொலிவியாவின் லா பாஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 2009-இல் மரடோனா பயிற்சியாளராக இருக்க, மெஸ்ஸியும் ஆடிய அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. மூச்சு வாங்கும் உயரத்தில் ஆடும் பொலிவியாவும், கீழே இறங்கி வந்து ஆடும் பொலிவியாவும் ஒன்றல்ல.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது காயப் பட்டியலைப் பார்த்துக் கொண்டாடும் பழக்கம். 2019 மே மாதம் ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்துக்கு பார்சிலோனா 3-0 முன்னிலையோடு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு வந்தது. லிவர்பூலின் முன்வரிசையில் சலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. முடிந்தது கதை என்றார்கள். ஃபிர்மினோ இல்லாததால் முன்வரிசையில் இடம் பெற்ற ஒரிகி இரண்டு கோல். ராபர்ட்சன் காயப்பட்டதால் இடைவேளையில் உள்ளே வந்த வைனால்டம் இரண்டு கோல், அதுவும் மூன்று நிமிடத்துக்குள். 4-0. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 4-3, லிவர்பூல் இறுதிக்குப் போனது. ஒரு வீரர் இல்லை என்று கேள்விப்பட்டால் அந்த இடத்தில் யார் வருவார், அவரால் அணியின் ஆட்டம் எப்படி மாறும் என்றுதான் தேட வேண்டும். காயப்பட்டவரும் நம்மைப் போல ஆட்டத்தை நேசிப்பவர் என்பதையும் நினைத்தால் நல்லது.

கடைசியாக, நேருக்கு நேர் கணக்கு, அதாவது இரு அணிகளும் முன்பு மோதிய ஆட்டங்களின் முடிவு. இதுவும் ஏமாற்றும். 2018-19 பருவத்தில் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் லீட்ஸ், டெர்பியை 4-1 என்றும் 2-0 என்றும் வென்றது. லீட்ஸ் பயிற்சியாளர் பியெல்சா, டெர்பியின் முந்தைய பருவத்து 51 ஆட்டங்களையும் தன் குழு அலசியதாகப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார். இந்த அளவுக்கு எதிரணியைப் படித்தவர்கள் குறைவு. மேல் லீக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் அரையிறுதியின் முதல் ஆட்டத்திலும் லீட்ஸ் 1-0 என்று ஜெயித்தது. ஆக மூன்றுக்கு மூன்று. நான்காவது ஆட்டம் சொந்த மைதானமான எலண்ட் ரோட்டில். அங்கேயும் லீட்ஸ்தான் முதல் கோல் அடித்தது. முதல் பாதி முடியும் நேரத்தில் டெர்பி, மரியட்டை மாற்று வீரராக இறக்கியது. இறங்கிய சற்று நேரத்தில் அவர் ஒரு கோல் அடித்தார், 85-வது நிமிடத்தில் இன்னொன்று. டெர்பி 4-2 என்று ஜெயித்து, மொத்தக் கணக்கில் 4-3 என்று இறுதிக்குப் போனது.